வீட்டில் ஒருவருக்குத் தீராத புற்றுநோய்: சொந்தங்களுக்கு எப்படித் தெரிவிப்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அம்மாவுக்குப் புற்றுநோய் என்றால் அந்தச் செய்திக்காகப் பல ஊர்கள் காத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பெரியப்பா, மட்டக்களப்பில் சம்பந்தி வீடு, டொரொண்டோவில் சித்தி, இலண்டனில் மகன், மெல்பேர்னில் மாமி. ஒவ்வொருவரும் தமக்கு வசதியான நேரத்தில் அழைப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து ஒப்புவித்து, அவர்கள் அழுவதைக் கேட்டு, அவர்களையும் தேற்றிவிட்டுத் திரும்பும்போது நோயாளிக்கு வைத்த கஞ்சி ஆறிப்போயிருக்கும். செய்தியை ஓரிடத்தில் எழுதி எல்லோரையும் அங்கே படிக்கச் சொல்வது இந்தச் சுமையை இறக்கிவைக்கும் வழி.

இதில் இன்னொரு பயனும் உண்டு. என் கணக்கில் அதுவே பெரியது. வர வேண்டியவர்கள், நோயாளி அவர்களோடு பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று கடைசி வாரம் வரை எழுதிய குடும்பங்களில், கனடாவிலிருந்து வந்தவர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த நிலை வராமல் இருப்பதற்காகத்தான்.

முதலில், நோயாளிக்குத் தெரியுமா?

நம் வீடுகளில் இதுதான் முதல் முடிச்சு. வைத்தியர் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார். பிள்ளைகள் அம்மாவிடம் ‘வயிற்றில் சின்னக் கட்டி’ என்று சொல்லி மறைப்பார்கள். அப்படி மறைத்துக்கொண்டு வெளியே ஒரு வரி எழுதினாலும் அது சுற்றிவளைத்து நோயாளியின் காதுக்கே வந்துவிடும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தூரத்து மாமி ஒருத்தி தொலைபேசி எடுத்து, ‘கடவுளை நம்பு பிள்ளை, இந்த வருத்தத்தில் தப்பியவர்களும் இருக்கிறார்கள்’ என்று தொடங்குவார். அதைவிட மோசமாக ஒருவர் தன் நோயை அறிய முடியாது.

ஆகவே நோயாளிக்குத் தெரியாத ஒன்றை வேறு யாருக்கும் எழுதாதீர்கள். சொல்வதற்கு வைத்தியரின் உதவியைக் கேளுங்கள். ‘உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?’ என்று அவர் நோயாளியிடமே கேட்பார். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் ‘மகளிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்’ என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான், மதிக்க வேண்டும்.

பிறகு நோயாளியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாருக்குத் தெரியலாம், எது தெரியலாம், எது தெரியவே கூடாது. மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு தாய், ‘உறுப்பின் பெயரைச் சொல்ல வேண்டாம்’ என்று நினைக்கலாம். கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் மகள் வீட்டில் இருந்தால், ‘பரம்பரை வருத்தம்’ என்ற பேச்சு கிளம்பும் என்ற பயமும் இருக்கும். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது உண்மையான கவலை.

நோயாளியே எழுத விரும்பினால் கைபேசியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற வைத்தியர் தன் தீராத புற்றுநோயைப் பற்றித் தானே டுவிட்டரில் எழுதிவந்தார். தன்னைக் கவனித்தவர்களில் சிலர் தம் பெயரைக்கூடச் சொல்லாததைக் கண்டு, மருத்துவமனை ஊழியர்கள் நோயாளியிடம் பெயர் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்ற இயக்கத்தை 2013இல் தொடங்கினார். 2016இல் காலமானார். படுக்கையில் இருப்பவருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். நாம்தான் அவருக்குப் பதிலாகப் பேசிப் பழகிவிடுகிறோம்.

ஒருவர் மட்டும் எழுதட்டும்

இரண்டு பேர் எழுதினால் இரண்டு செய்திகள் வரும். ‘இன்று நன்றாகச் சாப்பிட்டார்’ என்று மகனும், ‘ஒன்றும் இறங்கவில்லை’ என்று மருமகளும் எழுதினால், இரண்டுக்கும் இடையில் நின்று டொரொண்டோ விசாரணைக் கமிஷன் நடத்தும். எழுதுபவர் நோயாளியின் பக்கத்தில் முழுநேரம் இருப்பவராக இல்லாமல் இருப்பது நல்லது. பராமரிக்கிறவரிடம் கேட்டு எழுதும் மருமகனோ பெரிய பேத்தியோ போதும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எழுத இன்னொருவரையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எந்த இடத்தில் எழுதுவது?

பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு வட்ஸ்அப் போதும். ஆனால் ஒரே குழுவில் எல்லோரையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு வட்டங்கள் வேண்டும்.

உள்வட்டத்தில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மிஞ்சினால் ஒரு சகோதரி. சிகிச்சை முடிவுகள், பணம், சண்டை எல்லாம் அங்கே. வெளிவட்டத்தில் செய்தி மட்டும். அந்தக் குழுவின் அமைப்பில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய ஒரு பந்திக்குக் கீழே கும்பிடும் கைகள் அறுபது வந்து குவியும். பிந்திப் பார்ப்பவர் செய்தியைத் தேடிக் களைத்துப்போவார். குழுவில் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியும். அது வேண்டாமென்றால் ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியே அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் (Broadcast list) இருக்கிறது. அதில் 256 பேர் வரை சேர்க்கலாம்; ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒரு தம்பி, மலையகத்துக்கு ஒரு மச்சாள். அவர்கள் செய்தியைப் படித்துக் காட்டட்டும்.

முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி எழுதுவது வேறு விஷயம். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. நோயாளி விரும்பினால் மட்டும் செய்யுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. வீட்டுத் தேவைக்காக ஒரு தனியாள் தகவலைக் கையாள்வது அந்தச் சட்டத்துக்குள் வராது என்பது உண்மைதான். ஆனாலும் சட்டமே ஒருவரின் நோயைச் சாதாரணத் தகவலாக எண்ணவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது எழுதுவது?

வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில். கொழும்பில் மாலை 7 மணி வசதியானது. கோடைகாலத்தில் அப்போது டொரொண்டோவில் காலை 9.30, இலண்டனில் பிற்பகல் 2.30. மெல்பேர்ன்காரர்கள் தூங்கப்போகும் நேரம். அவர்கள் காலையில் படித்துக்கொள்வார்கள். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக் இருக்கும் நாளன்று எழுதாதீர்கள். காலையில் போய் வரிசையில் நின்று, மருந்து எடுத்து, நெரிசலில் வீடு திரும்பியவரின் எழுத்தில் அன்றைய எரிச்சல் முழுவதும் இருக்கும். மறுநாள் எழுதினால் செய்தி மட்டும் இருக்கும்.

முதல் செய்தியில் உண்மை இருக்க வேண்டும்

பலரும் தடுமாறுவது இங்கேதான். ‘4ஆம் நிலை’ என்று எழுதினால், அதுதான் கடைசி நிலை என்று எல்லோருக்கும் புரியும் என்று நினைக்கிறோம். படிப்பவர் ‘5ஆம் நிலை, 6ஆம் நிலை எல்லாம் இருக்கும்போல, இன்னும் நேரம் இருக்கிறது’ என்று ஆறுதல்பட்டுக்கொள்வார். ‘கீமோ தொடங்குகிறோம்’ என்றால் குணமாகப்போகிறது என்றே எடுத்துக்கொள்வார். நோயைக் கொஞ்சம் அடக்கி வைப்பதற்காகவும் கீமோ கொடுப்பார்கள் என்பதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு மாதிரி:

‘அன்புள்ள எல்லோருக்கும். அம்மாவுக்கு வந்திருப்பது புற்றுநோய். அது ஈரலுக்கும் பரவிவிட்டது. இதைக் குணப்படுத்த முடியாது என்று வைத்தியர் அம்மாவிடமும் எங்களிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டார். இப்போது கொடுக்கும் மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கவும் வலியைத் தணிக்கவும்தான். அம்மா தெளிவாக இருக்கிறார், பேசுகிறார், சமையலில் குறை கண்டுபிடிக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு 7 மணிக்கு இங்கே எழுதுவேன். அவசரமானால் நானே அழைப்பேன். தயவுசெய்து அப்பாவை அழைத்து விவரம் கேட்காதீர்கள்; அம்மாவோடு கதைக்க விருப்பமானால் மாலை 4 மணிக்குப் பிறகு அழையுங்கள்.’

இதில் ‘குணப்படுத்த முடியாது’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டால் மிச்சமெல்லாம் வீண். சமையல் பற்றிய வரியும் வேண்டும். நோயாளி நோயாகிவிடவில்லை, அந்த வீட்டு மனுஷியாகவே இன்னும் இருக்கிறார் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது.

‘வாருங்கள்’ என்று எழுதுவது

எவ்வளவு காலம் என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. நல்ல வைத்தியர் மாதக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா என்று மட்டும் சொல்வார். அவர்கள் பார்க்கும் அடையாளம் நமக்கும் புரியக்கூடியதுதான். உடல்நிலை மாதத்துக்கு மாதம் இறங்கினால் பெரும்பாலும் மாதங்கள். போன வாரம் கதிரையில் இருந்தவர் இந்த வாரம் கட்டிலிலேயே கிடக்கிறார் என்றால் வாரங்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிகிறது என்றால் நாட்கள். இது சட்டமல்ல, திடீரெனக் கிருமித்தொற்று வந்தால் கணக்கெல்லாம் மாறிவிடும்.

வாரக் கணக்கு என்ற பேச்சு வந்த அன்றே எழுதிவிடுங்கள். விடுப்பு எடுக்க வேண்டும், டிக்கெட் எடுக்க வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது விட வேண்டும். ‘முடிந்தால் ஒருதரம் வந்து பாருங்கள்’ என்று எழுதினால் அது மரியாதைக்குச் சொன்னது என்று தை மாதம் வரை தள்ளிப்போடுவார்கள். இப்படி எழுதுங்கள்:

‘சித்தி, அண்ணா, அம்மாவைப் பேசும் நிலையில் பார்க்க வேண்டுமென்றால் இந்த இரண்டு வாரத்துக்குள் வாருங்கள். செத்தவீட்டுக்கு வருவதற்காகக் காசைச் சேமித்து வைக்க வேண்டாம். வர முடியாதவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை.’

கடைசி வரியை மறக்காதீர்கள். அகதி வழக்கு முடியாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம். அவர்களைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். நோயாளியின் காதருகே கைபேசியை வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் குரலாகப் போட்டுக் காட்டலாம். வீடியோ அழைப்பைவிட இது நல்லது என்பது என் எண்ணம். திரையில் அழும் முகத்தைப் பார்த்து நோயாளி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படங்கள்

குறைவாக. வார்டில் எடுத்த படமே வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் கட்டில்கள் நெருக்கமாக இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் உங்கள் சித்தியின் கைபேசியில் இருக்கச் சம்மதம் தரவில்லை. கிளினிக் கொப்பி, ரிப்போர்ட், அடையாள அட்டை எண் தெரியும் எதையும் அனுப்பாதீர்கள். நோயாளிகளின் படத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துத் தங்கள் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுப் பிச்சை எடுக்கும் மோசடிக்காரர்கள் உண்டு. தலைமுடி கொட்டிய முகம், குழாய்கள் செருகிய உடல், இவற்றை நோயாளியிடம் காட்டி ‘இதை அனுப்பட்டுமா’ என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்க முடியாத நிலைக்கு அவர் போய்விட்டால் விடை ‘வேண்டாம்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு வந்து குவிபவை

முதலில் வைத்தியம் வரும். முள்சீத்தா இலை, மஞ்சள், அப்பச்சோடா, இந்தியாவில் ஒரு சாமியார். அனுப்புகிறவரிடம் கெட்ட எண்ணம் இல்லை; கையாலாகாத தவிப்புத்தான். வாதாடாதீர்கள். ‘நன்றி மாமா, வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும் கொடுக்கிறோம்’ என்ற ஒரே வரியைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். உண்மையிலேயே கேட்கவும் வேண்டும். சில மூலிகைகள் மருந்தோடு மோதும்.

அடுத்து, ‘என்ன உதவி வேண்டும்?’ என்ற கேள்வி. ‘ஒன்றும் வேண்டாம், பிரார்த்தியுங்கள்’ என்பது நம் வழக்கமான பதில். அதை விட்டுவிட்டுப் பட்டியல் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மகரகமவுக்குக் கூட வர, சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் வேண்டும் (தமிழும் ஆட்சிமொழிதான், கிளினிக் வரிசையில் அந்த ஏட்டுரிமை அவ்வளவாக உதவாது). இரத்தம் கொடுக்க நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்துக்குப் போகக்கூடிய இருவர். புதன் இரவு நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க ஒருவர், அப்பா ஒரு இரவாவது தூங்குவதற்கு. இடியப்பமும் சொதியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு: மற்றச் சொந்தங்களின் அழைப்பை ஏற்றுப் பதில் சொல்லும் பொறுப்பை அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பணம்

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கிடைக்காத மருந்து, வெளியே எடுக்கும் ஸ்கேன், ஆட்டோ, பால்மா, பம்பர்ஸ் என்று பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தூர இடத்திலிருந்து வருபவர்கள் தங்கவும், வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாதவர்களுக்கும் மகரகமவில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன அவற்றில் ஒன்று. ஊருக்குப் போய்விட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு வடக்கில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011இல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து அதற்காக நிதி திரட்டினார்கள். தெற்கும் வடக்கும் சேர்ந்து கொடுத்த காசு அது.

பணம் கேட்பதானால் செய்திக் குழுவில் கேட்காதீர்கள். ஒவ்வொரு வெள்ளியும் கை நீட்டுகிறார்கள் என்று நினைத்துப் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள். கோஃபண்ட்மீ போன்ற நிதி திரட்டும் தளங்களில் இலங்கையிலிருந்து கணக்குத் திறக்க முடியாது. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர் ஒருவர் தன் பெயரில் தொடங்க வேண்டியிருக்கும். தொடங்குமுன் மிச்சப் பணம் யாருக்கு என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். செத்தவீடு முடிந்து பதினைந்து வருடமாகியும் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசாமல் இருக்கும் சகோதரர்களை எனக்குத் தெரியும்.

கடைசி நாட்களில்

இப்போது வாரம் ஒருமுறை என்பது போதாது; தினமும் மூன்று வரி. வரப்போவதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் குறையும், அதிக நேரம் தூங்குவார், மூச்சில் சத்தம் வரும், கை கால் குளிரும். இதை எழுதாவிட்டால் ‘ஏன் சேலைன் ஏற்றவில்லை, பட்டினி போடுகிறீர்களா’ என்று கடல் கடந்து சண்டை வரும். உடல் சாப்பாட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டது, பட்டினியால் அவர் இறக்கவில்லை என்று வைத்தியர் சொன்னதை வைத்தியர் பெயராலேயே எழுதுங்கள். மோர்ஃபின் பற்றியும் ஒரு வரி வேண்டும். வலிக்கேற்ற அளவில் கொடுக்கும் மோர்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. ‘ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்’ என்ற பேச்சு பராமரித்த மகளை வாழ்நாள் முழுவதும் அரிக்கும்.

உயிர் பிரிந்தவுடன் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், வயதான பெற்றோர் இருந்தால் அவர்கள், இவர்களுக்கு முதலில் ஒருவர் குரலால் சொல்ல வேண்டும். யார் யாரை அழைப்பது என்று ஒரு காகிதத்தில் முன்பே எழுதி வையுங்கள். வீட்டில் நேர்ந்திருந்தால் வைத்தியர், கிராம அலுவலர் என்று செய்ய வேண்டியவையும் இருக்கும். அதுவரை வீட்டில் நிற்கும் யாரும் முகநூலில் ‘ஆழ்ந்த இரங்கல்’ போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போட்ட படத்தைப் பார்த்துத் தாய் இறந்ததை அறிந்த மகன்கள் இருக்கிறார்கள்.

குழுவில் போடும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: பெயர், நேரம், எந்த மலர்ச்சாலை, எத்தனை மணி முதல் பார்வைக்கு, கிரியை எப்போது, பொரளைக் கனத்தை மயானத்தில் எத்தனை மணிக்கு. கிரியையின் நேரலை இணைப்பைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். கேமராவை அழுகிறவர்களின் முகத்தில் திருப்பாமல் இருக்கும்படி படம் பிடிப்பவரிடம் சொல்லுங்கள். பத்திரிகை மரண அறிவித்தலில் உறவுப் பெயர்களைச் சரிபார்ப்பதை எழுதுபவரிடமே விட்டுவிடலாம். அதற்குள் குடும்ப மரம் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும்.

பிறகு

31ஆம் நாள் அந்தியேட்டி அறிவித்தலோடு குழுவை மூடப்போவதாகச் சொல்லுங்கள். மூடுமுன் உரையாடலை ஏற்றுமதி செய்து பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். முகநூல் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பின் கணக்கைக் கவனிக்க ஒருவரை மரபுத் தொடர்பாளராக (Legacy contact) நியமித்திருந்தால் வேலை இலகு. கூகுளிலும் செயலற்ற கணக்குக்கு இப்படியொரு ஏற்பாடு உண்டு. நோயாளியின் சிம்மை உடனே நிறுத்திவிடாதீர்கள். வங்கியும் மின்சாரசபையும் இன்னும் சில மாதங்களுக்கு அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி அனுப்பும்.